ஃபியோரென்டினாவின் பழைய ஜெர்சி வாங்கப் போகிறீர்களா? வருடத்திலிருந்து தொடங்குங்கள்

கத்தரிப்பூ நிறத்தில் விளையாடும் பெரிய கால்பந்து கிளப்புகளை எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல்களே மிச்சமாகும். இத்தாலியில் அந்த நிறம் என்றால் ஃபுளோரன்ஸ் நகரத்தின் ஃபியோரென்டினாதான். ஊதாவுக்கு இத்தாலிய மொழியில் வியோலா என்று பெயர், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் அணியையே வியோலா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய ஜெர்சி சேகரிப்பவர்களுக்கு இந்த கிளப்பின் மேல் தனி ஆசை உண்டு, எனக்கும் உண்டு. ஆசை இருக்கும் இடத்தில் போலியும் வந்து சேரும். அதனால் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். துணியைத் தடவிப் பார்த்து ஒரிஜினலா இல்லையா என்று சொல்லப் பல வருடப் பழக்கம் வேண்டும். ஆனால் கிளப்பின் வரலாறு தெரிந்தால், துணியைத் தொடாமல் படத்தைப் பார்த்தே பாதிப் போலிகளைத் தள்ளிவிடலாம்.

முதலில் கதை

1926 ஆகஸ்டில் ஃபுளோரன்ஸில் இருந்த இரண்டு சங்கங்களை இணைத்து லூயிஜி ரிடோல்ஃபி இந்த கிளப்பைத் தொடங்கினார். அப்போது ஊதா கிடையாது. நகரத்தின் சின்னம் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு லில்லி, அதனால் ஜெர்சியும் பாதி சிவப்பு பாதி வெள்ளை. 1920களின் இறுதியில்தான் ஊதா வந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டால் அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள்: ஆர்னோ ஆற்றில் ஜெர்சிகளைத் துவைத்தபோது சாயம் இறங்கிக் கலந்து ஊதாவாகிவிட்டதாம். நடந்ததா இல்லையா என்பது வேறு, அந்த ஊர் இதைக் கதையாகவே வைத்துக்கொண்டு ரசிக்கிறது.

லீக் பட்டம் இரண்டே தடவைதான், 1955-56, 1968-69. முதல் பட்டம் ஃபுல்வியோ பெர்னார்டினி பயிற்சியாளராக இருந்தபோது வந்தது. பிரேசிலிலிருந்து வந்த ஜூலின்யோ வலது ஓரத்தில் ஓட, அந்த அணி சீசன் முழுக்கத் தோற்காமல் வந்து கடைசி ஆட்டத்தில் ஜெனோவாவிடம் மட்டும் தோற்றது. இரண்டாம் இடத்து மிலானைவிட 12 புள்ளி அதிகம், அதுவும் ஒரு வெற்றிக்கு 2 புள்ளி மட்டுமே கொடுத்த காலத்தில். அடுத்த வருடம், 1957இல், ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி வரை போய் ரியல் மாட்ரிட்டிடம் 2-0 என்று தோற்றார்கள். 1961இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை இரண்டு ஆட்டங்களிலும் வென்று கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை எடுத்தார்கள். இத்தாலியக் கோப்பை ஆறு தடவை: 1940, 1961, 1966, 1975, 1996, 2001.

இந்த வருடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் லீக் பட்டம் வென்ற அணி அடுத்த சீசன் முழுக்க நெஞ்சில் மூவர்ணக் கேடயம் ஒன்றை அணியும், இத்தாலியக் கோப்பை வென்ற அணி மூவர்ண வட்டம் ஒன்றை அணியும். அப்படியென்றால் 1990களின் ஃபியோரென்டினா ஜெர்சியில் மூவர்ண வட்டம் இருக்க வேண்டிய சீசன் 1996-97 மட்டும்தான். 1998-99 ஜெர்சி என்று சொல்லி வட்டம் தைத்த ஒன்றை யாராவது காட்டினால் மேலே பேசவே வேண்டாம். கேடயம் வைத்த நவீன பாலியெஸ்டர் ஜெர்சிக்கும் அதே பதில்.

நெஞ்சைப் படியுங்கள்

இத்தாலியின் முதல் டிவிஷனான செரி ஆவின் கிளப்புகள் நெஞ்சில் விளம்பரம் போட்டுக்கொள்ள 1981-82இல்தான் அனுமதி கிடைத்தது. எனவே 1970களின் ஜெர்சி என்று விற்கப்படுவதில் கம்பெனிப் பெயர் இருந்தால் அது பின்னால் செய்தது. அந்த 1981-82 சீசன் ஃபுளோரன்ஸ்காரர்களுக்கு இன்னும் ஆறாத புண். யுவென்டஸுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்று பட்டத்தை இழந்தார்கள். கேப்டன் ஜியான்கார்லோ அன்டோன்யோனிக்கு ஜெனோவா கோல்கீப்பரோடு மோதியதில் மண்டை ஓடே உடைந்து, அவர் சில மாதங்களில் திரும்பி வந்து விளையாடியதும் அதே சீசனில்தான். பொன்டெல்லோ குடும்பம் கிளப்பை வாங்கி, லில்லியைக் கோடாரி முனை போல நவீனமாக மாற்றி வரைந்த சின்னமும் அப்போது வந்ததே. பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும், 1980களின் ஜெர்சியை ஒரே பார்வையில் அடையாளம் காட்டுவது அதுதான்.

1989-90 ஜெர்சியில் லா நாட்சியோனே என்று இருக்கும், அது ஃபுளோரன்ஸின் சொந்த நாளிதழ். ராபர்ட்டோ பாஜ்ஜோ அந்த ஊரில் விளையாடிய கடைசி சீசன் அது. 1990 மேயில் அவரை யுவென்டஸுக்கு விற்றபோது ஊரே தெருவில் இறங்கிக் கலவரம் செய்தது. மறு வருடம் ஏப்ரலில் அவர் யுவென்டஸ் ஜெர்சியில் அதே மைதானத்துக்கு வந்தார். பெனால்டி கிடைத்தது, நான் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அடித்த இன்னொருவர் தவறவிட்டார். பாஜ்ஜோவை வெளியே எடுத்தபோது கூட்டத்திலிருந்து ஒருவர் ஒரு ஊதா ஸ்கார்ஃபை வீசினார், பாஜ்ஜோ குனிந்து அதை எடுத்துக்கொண்டு நடந்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்த லா நாட்சியோனே ஜெர்சியைப் பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

இனி 1990கள், பெரும்பாலோர் தேடுவது இதைத்தான். தயாரித்த கம்பெனியும் நெஞ்சில் இருக்கும் பெயரும் ஜோடியாகப் பொருந்த வேண்டும். 1991-92இல் லோட்டோ, நெஞ்சில் ஜியோகெரியா. 1992-93இலும் லோட்டோ, ஆனால் செவன் அப். 1993-94இல் ஊல்ஸ்போர்ட் தயாரிப்பு, அதே செவன் அப். 1994-95 ஊல்ஸ்போர்ட், நெஞ்சில் சம்மொன்டானா, அது அதே பகுதியைச் சேர்ந்த ஐஸ்கிரீம் கம்பெனி. 1995 முதல் 1997 வரை ரீபாக், சம்மொன்டானா. 1997 முதல் 1999 வரை ஃபிலா, நிண்டெண்டோ. 1999-2000இல் ஃபிலா, டொயோட்டா. ரீபாக்கும் நிண்டெண்டோவும் ஒன்றாக இருந்தால் தவறு, லோட்டோவும் சம்மொன்டானாவும் ஒன்றாக இருந்தாலும் தவறு. இந்த ஒரு பத்தியைப் போனில் சேமித்து வைத்தாலே போதும், நிறையப் பணம் மிச்சமாகும்.

முதுகைப் பாருங்கள், நான் ஏமாந்த இடம் இதுதான்

நான் முதலில் வாங்கியது 1994-95 ஜெர்சி. அந்த சீசனில் காப்ரியேல் பாட்டிஸ்டுட்டா முதல் 11 ஆட்டங்களிலும் தொடர்ந்து கோல் அடித்தார், மொத்தம் 26 கோல், லீக்கில் அவர்தான் முதலிடம். விற்றவர் அனுப்பிய படத்தில் நெஞ்சில் சம்மொன்டானா சரியாக இருந்தது, முதுகில் பெரிய எழுத்தில் பாட்டிஸ்டுட்டா என்று பெயர், கீழே 9. பெயரைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை, கேட்ட விலையைக் கொடுத்தேன். வந்த பிறகுதான் ஒரு நண்பர் சொன்னார்: செரி ஆவில் வீரர்களுக்கு நிரந்தர எண்ணும் முதுகில் பெயரும் வந்ததே 1995-96இல்தான்!

அதற்கு முன்பு தொடக்கத்தில் இறங்கும் பதினொருவரும் 1 முதல் 11 வரை போட்டுக்கொள்வார்கள், மாற்று ஆட்டக்காரர்களுக்கு 12இலிருந்து 16 வரை. பெயர் கிடையவே கிடையாது. என் ஜெர்சியில் பெயர் எழுத்துகளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கீழே இருந்த துணி சுற்றியுள்ள துணியைவிடக் கொஞ்சமும் அடர்த்தியாக இல்லை, அதே வெளுப்பு. உண்மையிலேயே முப்பது வருடம் அங்கே எழுத்து ஒட்டியிருந்தால் அதன் கீழே உள்ள ஊதா வெயிலும் துவைப்பும் படாமல் பளிச்சென்று இருந்திருக்கும். ஜெர்சி பழையதுதான், விலையை ஏற்றுவதற்காகப் பெயரை யாரோ பின்னால் ஒட்டியிருக்கிறார்கள்.

அதனால் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: 1995க்கு முந்தைய ஜெர்சியில் பெயர் இருந்தால் கேள்வி கேளுங்கள், 16க்கு மேல் எண் இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். 1995க்குப் பிறகு பாட்டிஸ்டுட்டா 9, ருய் கோஸ்டா 10. எழுத்து வடிவம் சீசனுக்கு சீசன் மாறும், ஆட்டத்தின் புகைப்படத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்களின் இடைவெளியில்தான் போலி செய்பவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள்.

எதை வாங்குவது

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், முதல் ஜெர்சியாக 1998-99 நிண்டெண்டோவைத் தேடாதீர்கள். எல்லோருக்கும் வேண்டியது அது. வீடியோ கேம் கம்பெனியின் பெயர் ஊதா மேல் வெள்ளையாகப் பெரிதாக இருக்கும், பார்த்தவர் மறக்க மாட்டார். அந்த சீசனும் அப்படிப்பட்டது. ஜியோவான்னி ட்ரபட்டோனி பயிற்சியில் அணி பாதி சீசன் முடிந்தபோது முதலிடத்தில் இருந்தது. பிப்ரவரியில் மிலானோடு நடந்த ஆட்டத்தில் பாட்டிஸ்டுட்டாவுக்குக் காயம், அதே நேரம் அவரோடு முன்னணியில் ஆடிய பிரேசில் வீரர் எட்முண்டோ ரியோ கார்னிவலுக்குக் கிளம்பிப் போய்விட்டார், அணி மூன்றாவதாக முடித்தது. இத்தனை கதை இருக்கும்போது விலை ஏறாமல் என்ன செய்யும்? தேவை அதிகம் என்பதால் போலியும் அதிகம். இதற்கு முன் வேறு ஒரிஜினல் இரண்டு மூன்றைக் கையில் பிடித்துப் பழகிய பிறகு வாங்குங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ரீபாக் காலம், 1995 முதல் 1997 வரை. 1996 கோடையில் இத்தாலிய சூப்பர் கோப்பையில் மிலானை அதன் சொந்த சான் சிரோவிலேயே 2-1 என்று வென்றார்கள், இரண்டு கோலும் பாட்டிஸ்டுட்டா அடித்தது. அடித்துவிட்டு கேமராவைப் பார்த்துத் தன் மனைவி இரினாவுக்குக் காதல் சொன்னார். மறு வருடம் ஏப்ரலில் பார்சிலோனாவின் மைதானத்தில் சமன் செய்யும் கோலை அடித்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து மொத்தக் கூட்டத்தையும் அமைதியாக இருக்கச் சொன்னார். ஒரே சீசனில் இவ்வளவு.

1993-94 ஊல்ஸ்போர்ட் ஜெர்சிக்கு என் மனதில் தனி இடம் உண்டு. முந்தைய வருடம் பாட்டிஸ்டுட்டா, எஃபென்பெர்க், பிரையன் லவுட்ரப் என்று இத்தனை பெரிய பெயர்கள் இருந்தும் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பாட்டிஸ்டுட்டா வேறு கிளப்புக்குப் போகாமல் அங்கேயே இருந்து, கிளாடியோ ரனியேரி பயிற்சியில் ஒரே வருடத்தில் அணியை மேலே கொண்டுவந்தார். ஒன்பது வருடத்தில் அந்த கிளப்புக்காக 207 கோல் அடித்த மனிதரின் ஜெர்சிகளில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

பட்ஜெட் குறைவா? 2017-18 பக்கம் பாருங்கள். லெ கோக் ஸ்போர்ட்டிஃப் தயாரித்தது. ஊதா ஜெர்சியோடு, ஃபுளோரன்ஸின் பழமையான கால்பந்து விளையாட்டில் மோதும் நான்கு பேட்டைகளுக்காக நான்கு வண்ணங்களிலும் ஜெர்சி வந்தது: சான்டா க்ரோசேக்கு நீலம், சான்டோ ஸ்பிரிட்டோவுக்கு வெள்ளை, சான்டா மரியா நோவெல்லாவுக்குச் சிவப்பு, சான் ஜியோவான்னிக்குப் பச்சை. அதே சீசனில்தான், 2018 மார்ச் 4 அன்று, கேப்டன் டாவிடே அஸ்டோரி ஒரு ஆட்டத்துக்கு முந்தைய இரவில் ஹோட்டலில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அவருடைய 13ஆம் எண்ணை கிளப் அதோடு நிறுத்திவிட்டது. ஒரு வாரம் கழித்து நடந்த அடுத்த ஆட்டத்தில் தலையால் கோல் அடித்து வென்று கொடுத்தவர் விட்டோர் ஹியூகோ, அவர் முதுகில் இருந்த எண் 31. விற்பனைக்கு வரும் 2018-19 ஜெர்சியில் 13 என்று இருந்தால் அது ஆட்டத்தில் அணிந்ததாக இருக்க வாய்ப்பே இல்லை.

2002-03 பற்றியும் ஒரு வார்த்தை. 2002 கோடையில் கிளப் திவாலானது. டெல்லா வால்லே சகோதரர்கள் ஃபுளோரன்டியா வியோலா என்ற புதுப் பெயரில் நான்காம் டிவிஷனிலிருந்து தொடங்கினார்கள், பழைய பெயரையும் சின்னத்தையும் 2003இல்தான் திரும்ப வாங்க முடிந்தது. ஆகவே அந்த ஒரு சீசன் ஜெர்சியில் பழைய சின்னம் இருந்தால் சந்தேகப்படுங்கள். 2022இல் சின்னத்தை மறுபடியும் எளிமையாக்கினார்கள், அந்தப் புதுச் சின்னம் பழைய வடிவ ஜெர்சியில் இருந்தால் எப்போது செய்தது என்று சொல்லவே தேவையில்லை.

அந்த வெள்ளை ஜெர்சி

1992-93இல் லோட்டோ செய்த வெளியூர் ஜெர்சி வெள்ளை, மேல் பகுதியில் ஊதாக் கோடுகள் வலை மாதிரி வெட்டிக்கொள்ளும். ஆட்டங்களில் அணிந்த பிறகுதான் கவனித்தார்கள், கோடுகள் சந்திக்கும் இடங்களில் ஸ்வஸ்திக் வடிவம் தெரிகிறது. வேண்டுமென்றே செய்யவில்லை, கோடுகள் சேர்ந்ததால் வந்த தோற்றம் என்று விளக்கம் சொல்லி, சீசனின் பாதியிலேயே அதை எடுத்துவிட்டுச் சாதாரண வெள்ளைக்கு மாறினார்கள். நம் ஊரில் அது கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் வாசற்படியிலும் வரையும் மங்கலச் சின்னம், பார்த்தவுடன் நமக்குப் பதற்றம் வராது. ஆனால் ஃபாசிசமும் நாஜிப் படையும் நேரடியாக மிதித்த நாட்டில் அது வேறு. 1943-44இல் ஃபுளோரன்ஸ் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஊர், ஜெர்மன் படை பின்வாங்கியபோது ஆர்னோவின் மேல் இருந்த பாலங்களில் வெக்கியோ பாலத்தைத் தவிர மற்றவற்றை வெடி வைத்துத் தகர்த்தார்கள். குறைந்த காலமே இருந்த ஜெர்சி என்பதால் விலை எக்கச்சக்கம். வரலாற்றுப் பொருளாக அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

விற்பவரிடம் என்ன கேட்பது

வருடம் பொருந்திவிட்டது, சரி. அப்புறம் படங்கள் கேளுங்கள். கழுத்து லேபிள், உள்ளே பக்கவாட்டில் இருக்கும் சலவை லேபிள், சின்னத்தின் உள்பக்கம், நெஞ்சு எழுத்தின் நெருக்கமான படம், அக்குள் தையல். சின்னத்தின் உள்பக்கத்தைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். உள்பக்கம்தான் உண்மையைச் சொல்லும்: எம்பிராய்டரி நூல் எப்படி முடிந்திருக்கிறது, துணியோடு சேர்த்துத் தைத்ததா ஒட்டியதா, எல்லாம் அங்கே தெரியும். 1990களில் நெஞ்சு எழுத்து சில ஜெர்சிகளில் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும், சிலவற்றில் ரப்பர் மாதிரி. எந்த சீசனில் எது என்று ஏற்கெனவே வைத்திருப்பவர்களின் படங்களைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முப்பது வருட ரப்பர் எழுத்தில் மெல்லிய விரிசல் இருப்பது குறை அல்ல, அது கொஞ்சமும் இல்லாமல் மினுமினுத்தால்தான் நான் யோசிப்பேன்.

அளவு எழுத்தை நம்பாதீர்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை எத்தனை சென்டிமீட்டர், தோள் முதல் கீழ் ஓரம் வரை எத்தனை என்று கேட்டு, உங்களிடம் இருக்கும் சட்டையை விரித்து அளந்து ஒப்பிடுங்கள். ஆட்டத்தில் அணிந்தது என்று சொன்னால் அந்த ஆட்டத்தின் படம் வேண்டும், கிழிசலோ தையலோ கறையோ படத்திலும் ஜெர்சியிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வெறும் சான்றிதழ் தாளுக்கு நான் கூடுதலாகப் பணம் கொடுக்க மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவோடு சுங்க வரியும் சேரும், அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

வந்த பிறகு

இந்த ஜெர்சிகளை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். 1950, 60களின் கம்பளி ஜெர்சி என்றால் சுருங்கும், 90களின் பாலியெஸ்டர் என்றால் எழுத்து உரியும். ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர், கம்பளித் துணிக்கான மென்மையான திரவ சோப்பு கொஞ்சம், உள்பக்கத்தை வெளியே திருப்பி அமுக்கி எடுத்தால் போதும். முறுக்கிப் பிழியக் கூடாது, எழுத்தின் மேல் இஸ்திரி கூடாது. பூச்சி கம்பளியைத்தான் தின்னும், பாலியெஸ்டரைத் தொடாது, எனவே பாச்சா உருண்டை எல்லாவற்றுக்கும் தேவையில்லை. ரப்பர் எழுத்தின் மேல் அது நேரடியாகப் படவே கூடாது.

மடிக்கும்போது மடிப்பு நெஞ்சு எழுத்தின் மேல் விழாமல், நடுவில் ஒரு வெள்ளை டிஷ்யூ தாளை வைத்து மடியுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணிப் பை நல்லது. கம்பி ஹேங்கரில் மாட்டினால் தோளில் புடைப்பு வந்துவிடும். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்டால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள், ஊதா வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், முதலில் தோள்கள் சாம்பல் பூக்கும்.

முதல் தடவை துவைக்கும்போது மட்டும் வேறு எதையும் வாளியில் சேர்க்காமல் பக்கத்திலேயே நின்று தண்ணீரைப் பாருங்கள். லேசாக ஊதா இறங்கினால் பயப்பட வேண்டாம், உடனே வெளியே எடுத்து வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். காலரிலோ கையிலோ வெள்ளை இருக்கும் ஜெர்சி என்றால் அந்த இடம் ஊதாவின் மேல் படியாமல் ஒரு துண்டின் மேல் தட்டையாக விரித்து, நிழலில் காய வையுங்கள்.